சாம்பல் சீவரம்

திரை என்று எங்களிடம் இருந்தது
ஒரு கண்ணீர் அஞ்சலி பேனரின் முதுகு.
புளியந்தோப்பு இரவுப் பாடசாலை மொட்டைமாடியில்
சின்டெக்ஸ் தொட்டிக்கும் டிஷ் கம்பிக்கும் நடுவே
அறவாழி அண்ணன் இழுத்துக் கட்டினார்.
முன்பக்கத்து எபினேசர்
கூலிங் கிளாசில், இரவல் பைக்கில்.
சாக்கடை அடைப்பெடுக்க இறங்கினவன்.
படம் இருட்டும்போதெல்லாம்
பின்னாலிருந்த தெருவிளக்கு
அவனை உள்ளே அனுப்பிவைத்தது,
தோற்றமும் மறைவும் இடவலம் மாறி.

சனிக்கிழமைக்கு ஒரு படம்.
எல்லாம் பழைய கொரியா, கறுப்பு வெள்ளை.
போர், புத்தர், மறுபடி போர்.
இங்கிலீஷில் ஓடும் எழுத்தை
மைக்கில் தமிழாக்குவது என் வேலை.
பகலில் நான் ஹார்பரில்
கொரியக் கம்பெனிக் கார்களைக் கப்பலுக்குள் ஓட்டிவிடுகிறவன்,
ஒரு நாளைக்கு நாற்பது கார்,
ஒவ்வொன்றிலும் கொஞ்ச தூரம்.
அதனால் கொரியா எனக்குத் தெரியும் என்று
அண்ணனுக்கு ஒரு நினைப்பு.

முதல் வாரம் பனி பெய்தது.
"எண்ணூர் சாம்பலாட்டம் கொட்துண்ணா"
என்றான் முன்வரிசைப் பொடியன்.
வயிற்றில் குண்டு வாங்கிய சிப்பாய் ஒருத்தன்
"ஒம்மா" என்றான்.
சிரித்தார்கள்,
எங்கள் தெருவில் அது வசவின் முதல் பாதி.
இரண்டாம் முறையும் அவன் கூப்பிட்டான்.
மைக்கை மடியில் வைத்துவிட்டேன்.
யாரும் சிரிக்கவில்லை.

இரண்டாம் வாரம்
நிரஞ்சலா வந்திருந்தாள்,
புழல் முகாமிலிருந்து இரண்டு பஸ் மாறி,
தையல் கம்பெனி அடையாள அட்டை கழுத்திலேயே தொங்க.
மலைப்பாதையில் மொட்டைத்தலை தெரிந்ததும்,
தோளில் துணி தெரிந்ததும்,
செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு
படிக்கட்டுக்குப் போனாள்.

"ஏம்மா, எங்கப்பனுக்குப் பேரு குட்த்தவரும்மா அவரு.
அதுக்கு முன்னாடி இந்த ஊர்ல
எங்களுக்கு இருந்தது பேரே இல்ல."
அண்ணன் சொன்னது பொய்யில்லை.
அவர் வீட்டுச் சுவரில் புத்தர் இருக்கும் இடம்
வேறு வீடுகளில் காலண்டர் இருக்கும் இடம்.

அவள் திரும்பாமலே சொன்னாள்,
"எங்கட பக்கம் ஷெல் அடிக்கப் போன ஆமிக்காரனுக்குக்
கையில நூல் கட்டி விட்டவை, அண்ணா."

எதற்கும் பதில் வைத்திருக்கிற மனிதர்
ஒயரைச் சுற்றத் தொடங்கினார்,
படம் முடிய இன்னும் முக்கால் மணி இருக்கையில்.
நானும் பேச்சை நிறுத்தியிருந்தேன்.
எழுத்துகள் வந்தன, போயின.
திரையில் அந்தத் துறவி
இரண்டு பக்கத்துப் பிணங்களுக்கும் ஒரே குழி தோண்டினார்.
கடப்பாரை கல்லில் பட்டபோது
பேசின் பிரிட்ஜ் பக்கம் கூட்ஸ் வண்டி கடந்தது.
மொட்டைமாடி லேசாக ஆடியது.
காட்சி இருட்டி
எபினேசர் குழி ஓரத்தில் வந்து நின்றான்.

"அது ஆர் பின்னால?"
சொன்னேன், பெயரும் சாக்கடையும்.
மூன்றாம் படியில் அவள் உட்கார்ந்தாள்.
உள்ளே வரவில்லை.
கொஞ்சம் கழித்து,
"அந்த உடுப்பு என்ன நிறம்?"

கறுப்பு வெள்ளைப் படத்தில் என்ன நிறம்.
"சாம்பல்" என்றேன்.
அங்கே அப்படித்தான் உடுத்துவார்கள் என்று அப்போது எனக்குத் தெரியாது.
பிறகு போனில் தேடிப் பார்த்தபோது
சரியாகத்தான் இருந்தது,
ஆனால் நான் சொன்னது
அது தெரிந்து அல்ல.

மூன்றாம் வாரத்துக்கு முன்
அண்ணனைக் கேட்டேன்,
பிக்கு என்று வருகிற இடத்தில்
மைக்கில் என்ன சொல்லட்டும்?
ஒயரின் இன்னொரு முனையைத் தேடினார்.
கிடைத்த பிறகும் தேடினார்.

திங்கட்கிழமை, ஹார்பர்.
வெள்ளைக் கார் ஒன்றின் பானெட் முழுக்க
எண்ணூர்க் காற்று மெல்லிசாய்ப் படிந்திருந்தது.
துணியை எடுத்தேன்.
எந்த ஊருக்குப் போகிற வண்டியோ.
துடைக்காமல்
கப்பலுக்குள் ஏற்றினேன்.